மொழி பிடித்துவிட்டது, ஆசிரியராக வேண்டும்: எந்த மொழிக்கு, எந்த வகுப்பறைக்கு?

கல்லூரிப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றேதான். "மிஸ், எனக்கு மொழி என்றால் உயிர். டீச்சராகத்தான் வேண்டும். ஆனால் தமிழா, ஆங்கிலமா, ஹிந்தியா, இல்லை ஜெர்மன், ஜப்பானியம் மாதிரி ஏதாவதா?" கடைசியாகக் கேட்டது தஞ்சாவூர்ப் பக்கம் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். பி.எட். முடித்து அரசு வேலைக்குத் தயாராகு என்று வீட்டில் சொல்கிறார்கள். ஜெர்மன் படித்தால் கை நிறையச் சம்பளம் என்று விடுதித் தோழிகள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை, சுருக்கமாக. ஆங்கில இலக்கியம் படித்தேன், பி.எட். முடித்தேன், ஆறு வருடம் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தேன். அந்த நாட்களில் சும்மா ஓர் ஆர்வத்தில் மாலை நேர ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். ஒரு நாள் ஆசிரியை கரும்பலகையில் "தபேதே மிரு" என்று எழுதினார். தபேதே என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! நாம் கேட்டுப் பார், போட்டுப் பார், எழுதிப் பார் என்று சொல்கிறோமே, அதே அமைப்பு. கண்ணால் பார்ப்பதற்கான சொல்லையே முயன்று பார்ப்பதற்கும் வைத்திருக்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் இப்படியே சொல்ல வழியில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு தீவு நாட்டு மொழி என் பாட்டி பேசுவது மாதிரி வாக்கியம் கட்டுகிறதே என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்று நான் ஜப்பானியம் சொல்லித் தருகிறேன். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நான் எடுப்பது ஹிரகானா எழுத்துகள் 46ஐயும் "இது என்ன, அது புத்தகம்" என்பதையும்தான். "தபேதே மிரு" வரும் பாடம்வரை தொடர்ந்து வருபவர்கள் கொஞ்சம் பேர். இந்த ஒரு விஷயத்தைத்தான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்கிறேன். நாம் ஆசைப்படுவது மொழியின் உள்ளறைகளுக்கு. ஆசிரியராக நம் நாள் கழிவது பெரும்பாலும் அதன் வாசல் திண்ணையில். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதும் உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்துவிட்டு மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்ளலாம்.

மொழியில் உங்களுக்குப் பிடித்தது எது? பாட்டும் கதையுமா, இலக்கணத்தின் நுட்பமா, புது மனிதர்களோடு பேச முடிகிறது என்பதா? இந்த மூன்றும் மூன்று வேறு ஆசைகள்.

முதல் வகுப்புக்குள் நுழையும்வரை எத்தனை வருடம், எவ்வளவு பணம்?

சம்பளம் எப்போது வரும், மாதாமாதம் நிலையாக வருமா?

பத்து வருடம் கழித்தும் எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருப்பீர்கள்?

எதிரே உட்காரப்போவது யார்? பத்து வயதுப் பிள்ளைகளா, கல்லூரி மாணவர்களா, வேலைக்குப் போகும் பெரியவர்களா? பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர் போவதும் இதனால்தான்.

## தமிழாசிரியர்

அரசுப் பள்ளி வேலைதான் பெரும்பாலோர் மனதில் இருப்பது. பி.ஏ. அல்லது பி.லிட். தமிழ், அதன்மேல் இரண்டு ஆண்டு பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்கும் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. இத்தனையும் தாண்டினால் பட்டதாரி ஆசிரியர். தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய், படிகள் தனி. தனியார் பள்ளிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தொகை என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு காத்திருப்பு. தமிழ்நாட்டில் தகுதித் தேர்வு 2012இல் தொடங்கியது. 2013க்குப் பிறகு அடுத்த பொதுத் தேர்வு 2017இல்தான் நடந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் பணிக்காகக் காத்திருந்தபோதே, 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணை தகுதித் தேர்வுக்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வையும் சேர்த்தது. 2013இல் தேர்ச்சி பெற்றவர்களின் போராட்டச் செய்திகளை வருடக்கணக்கில் படித்தோம். "தேர்வு எழுதுவேன், வேலை வரும்" என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். இடையில் நாலைந்து வருடம் எதை வைத்துக் குடும்பம் நடத்துவது என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழ் படித்தவர்களைத் திகைக்க வைப்பது. இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். உளவியலுக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30. மிச்சம் 60 மதிப்பெண் சமூக அறிவியலில் இருந்தோ, கணிதம்-அறிவியலில் இருந்தோ வரும். மொழிப்பாட ஆசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதாவது தமிழாசிரியராக, தமிழைவிட இரண்டு மடங்கு மதிப்பெண்ணுக்கு வரலாறும் புவியியலும் படிக்க வேண்டும். பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி 90. தமிழில் முப்பதுக்கு முப்பது வாங்கினாலும் அது மட்டும் காப்பாற்றாது.

இதனால் எம்.ஏ. தமிழும் பி.எட்.டும் முடித்து, மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வைக் குறிவைக்கச் சொல்கிறேன். அதற்குத் தகுதித் தேர்வு தேவையில்லை. 150 கேள்விகளில் 110 உங்கள் பாடத்திலிருந்தே வரும். 11, 12ஆம் வகுப்புகளில் இலக்கியத்தைக் கொஞ்சமாவது ஆழமாகத் தொட முடியும். படிப்பு கூடுதலாக இரண்டு வருடம் ஆகும். ஆனால் தமிழ்மேல் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு அந்த இரண்டு வருடம் செலவே இல்லை.

தனியார் பள்ளிகளிலும் தமிழுக்கு இடம் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியதால், முன்பு தமிழையே பெரிதாகக் கண்டுகொள்ளாத பள்ளிகளும் தமிழாசிரியரைத் தேடின. சம்பளம்தான் கணக்கு ஆசிரியருக்குக் கிடைக்கிற அளவுக்குப் பல இடங்களில் கிடைப்பதில்லை. இது அநியாயம் என்று எனக்கு எப்போதும் தோன்றும், ஏனென்றால் வேலை தமிழாசிரியருக்குத்தான் அதிகம். ஒரு வகுப்பில் நாற்பது பேர், ஐந்து வகுப்பு என்றால் இருநூறு கட்டுரை நோட்டு. கணக்கில் விடை சரியா தவறா என்று பார்த்தவுடன் தெரியும். கட்டுரையில் ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் ஈடாக என்ன கிடைக்கும்? என்னோடு வேலை பார்த்த தமிழம்மா எட்டாம் வகுப்பில் எடுத்த பாடத்தை ஒரு நாள் வாசலில் நின்று கேட்டேன். பலகையில் "வேலை கொடு" என்று எழுதினார். கீழே "வேலைக் கொடு" என்று எழுதினார். "முதல் ஆள் என்ன கேட்கிறான்? இரண்டாவது ஆள் என்ன கேட்கிறான்?" வகுப்பு முழித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாக, "டீச்சர், ரெண்டாவது ஆள் முருகன்கிட்ட கேக்கிறான்" என்றான். ஒரு 'க்' வந்ததும் உத்தியோகம் வேலாயுதமாகிவிட்டது. வல்லினம் மிகும் இடங்களைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தாலும் வராத வெளிச்சம் அந்தப் பையன் முகத்தில் வந்தது. இலக்கணத்தின் இந்த உள்ளறையைப் பதிமூன்று வயதிலேயே திறந்து காட்டலாம், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு மொழி ஏற்கெனவே தெரியும். பிற மொழிகளில் அந்த இடத்துக்கு வரவே வருடங்கள் ஆகும். எனக்குத் தெரிந்து தாய்மொழி ஆசிரியருக்கு மட்டுமே உள்ள கொடுப்பினை இது.

யாருக்கு நல்லது: இலக்கியமும் இலக்கணமும் பிடித்தவர்கள், பிள்ளைகளோடு இருக்கப் பிடித்தவர்கள், சில வருடம் காத்திருக்க வீட்டில் தாங்கு உள்ளவர்கள்.

## ஆங்கில ஆசிரியர்

வேலை எங்கேயும் இருக்கிறது. சின்ன ஊரிலும் கிடைக்கும். பி.எட். முடித்த ஜூன் மாதமே ஏதாவது ஒரு பள்ளியில் நின்று பாடம் எடுக்கலாம். இந்த வேகம் வேறெந்த மொழிக்கும் இல்லை. அரசு வேலைக்கான படிகள் தமிழுக்குச் சொன்னவையேதான்.

இலக்கியத்துக்காக ஆங்கிலம் படித்தவர்கள் மனம் உடைவதும் இங்கேதான். பள்ளியில் நீங்கள் எடுக்கப்போவது கவிதை அல்ல, பொதுத்தேர்வு வினாத்தாள். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று எழுதும் பிள்ளையைத் திருத்தும்போது, தமிழில் "எனக்கு இரண்டு அண்ணன்கள்" என்று வினைச்சொல்லே இல்லாமல் சொல்கிறோம், அதனால்தான் அது தடுமாறுகிறது என்று புரிந்து திருத்துபவர் நல்ல ஆசிரியர். ஆனால் அதைப் பொறுமையாக விளக்கப் பாடத்திட்டம் நேரம் தராது.

பெரியவர்களுக்குச் சொல்லித் தர ஆசைப்பட்டால் கேம்பிரிட்ஜின் செல்ட்டா சான்றிதழ் உண்டு. குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதில் உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும். பி.எட். இருந்தால்தான் பள்ளி வேலை, செல்ட்டா இருந்தால் தனி நிறுவனங்களும் வெளிநாடும் என்று இரண்டும் வேறு வேறு வாசல்கள். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. ஆங்கிலத்தைக் கற்பிப்பது எப்படி என்பதையே ஆழமாகப் படிக்க ஆசை என்றால் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1958இல் அது மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியதே ஆசிரியர் பயிற்சிக்காகத்தான்.

தனியார் பள்ளியில் சேருகிற எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை, எந்த மொழியானாலும். நான் வேலை பார்த்த பள்ளியில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபின் அவற்றைத் திரும்ப வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஒரு நல்ல வேலை கைநழுவிப் போனது. நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.

யாருக்கு நல்லது: உடனே சம்பாதிக்க வேண்டியவர்கள், ஊரை விட்டு நகர முடியாதவர்கள், நாளைக்கு வெளிநாடு போகலாம் என்று நினைப்பவர்கள்.

## இந்தி ஆசிரியர்

1968இலிருந்து தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை. ஆகவே மாநில அரசுப் பள்ளிகளில் இந்திக்குப் பணியிடம் எதிர்பார்க்க வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகள், கேந்திரிய வித்யாலயாக்கள், அப்புறம் வீட்டு டியூஷன். இந்த மூன்றுதான்.

டியூஷன் தனி உலகம். 1918இல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் தேர்வுகள் பரிச்சய, பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் என்று ஏணிப்படிபோல் போகும். நம் ஊர்த் தெருக்களில் "ஹிந்தி கிளாஸ்" என்று பலகை தொங்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெண்தான் பாடம் எடுப்பார். தானும் இந்தப் படிகளில் ஏறி வந்தவராக இருப்பார். முதலீடு என்று பார்த்தால் ஒரு பலகையும் பாயும் போதும். இவ்வளவு குறைந்த செலவில் ஆசிரியராவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சிரமம் எங்கே என்றால், ஒரே மணி நேரத்தில் ஒருவர் பரிச்சய, இருவர் மத்யமா, ஒருவர் விஷாரத் என்று பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் தேர்வுகளுக்கு முந்தைய வாரங்களில் மூச்சு விட நேரமிருக்காது. தேர்வு முடிந்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பெற்றோருக்குச் சான்றிதழ் வேண்டும், பேச்சு வருகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. நான்கு விதமான 'க'வைத் தமிழ்ப் பிள்ளையின் வாயில் வரவழைக்க ஒரு வாரம் செலவழிக்க நீங்கள் ஆசைப்பட்டாலும், "அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாச்சா?" என்றுதான் போன் வரும்.

கேந்திரிய வித்யாலயா நல்ல சம்பளம், நிரந்தர வேலை. பட்டத்தில் இந்தி, பி.எட்., மத்தியத் தகுதித் தேர்வு மூன்றும் வேண்டும். இந்தியாவில் எந்த மூலைக்கும் மாற்றலாகத் தயாராக இருக்க வேண்டும்.

யாருக்கு நல்லது: வீட்டிலிருந்தபடி, தன் நேரத்துக்கு வகுப்பு எடுக்க விரும்புபவர்கள்.

## ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம்

தோழிகள் சொல்லும் "கை நிறையச் சம்பளம்" பாதி உண்மை.

தேவை இருப்பது நிஜம். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு செய்ய வழக்கமாக பி2 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நான்காவது படி) கேட்கிறார்கள். முதுகலை படிக்கப் போகிறவர்கள், தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்கள் வேறு. ஜப்பானியத்துக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஜப்பானிய நிறுவனங்கள். பிரெஞ்சுக்குக் கல்லூரிகளும் சிபிஎஸ்இ பள்ளிகளும். தனியார் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளும் உண்டு.

ஆனால் ஆசிரியராகும் தகுதிக்கு நீங்களே முதலில் ஏற வேண்டும். ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று படிகள். ஜெர்மனுக்குச் சென்னையின் கோதே நிறுவனம், பிரெஞ்சுக்கு 1953இல் தொடங்கிய அலையான்ஸ் பிரான்செஸ் மாதிரி இடங்களில் ஒவ்வொரு நிலைக்கும் கட்டணம் ஐந்து இலக்கம், தேர்வுக் கட்டணம் தனி. வேலையோடு வார இறுதியில் படித்தால் பி2 வர மூன்று வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் என்2 நிலைக்கு (மேலிருந்து இரண்டாவது படி) எனக்கு நாலு வருடம் பிடித்தது. ஜப்பானியத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதால், சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்க பயந்த நாட்கள் எனக்கு உண்டு. அதைப் போக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

அப்புறம், மொழி ஏறியபின் வரும் சோதனை. என்2 முடித்தவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனால் பயிற்றுநரைவிடக் கூடுதல் சம்பளம். என்னோடு படித்தவர்கள் பலர் ஒரகடம் பக்கம் போனார்கள். வகுப்பறைக்கு வந்தது நாங்கள் இரண்டே பேர். வகுப்பு எடுப்பவருக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். பேட்ச் நிரம்பாத மாதத்தில் வருமானம் பாதி. வருங்கால வைப்பு நிதி, மருத்துவ விடுப்பு எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொள்கை மாறினால் வேலையும் மாறும். 2011இல் கோதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மன் மூன்றாம் மொழியாக வந்தது. அதை நம்பி நாடெங்கும் பலர் ஜெர்மன் ஆசிரியர்களானார்கள். 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், அந்த இடத்தில் சமஸ்கிருதத்தை வைக்க முடிவானது. பள்ளி வேலையை நம்பி அயல்மொழிக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எதிரே இருப்பவர்களும் வேறு மாதிரி. என் தோழியின் ஜெர்மன் வகுப்பில் ஒரு முறை உட்கார்ந்திருந்தேன். இரவுப் பணி முடித்து நேராக வந்த செவிலியர்கள். உடல் உறுப்புகள் பாடம். டெர் ஆர்ம், டி ஹான்ட், தாஸ் பைன். கை ஆண்பால், உள்ளங்கையும் விரலும் சேர்ந்த கை பெண்பால், கால் ஒன்றன்பால். "மேம், நம்ம ஊர்ல இதெல்லாம் அஃறிணைதானே, எதுக்கு இப்படி?" என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கியபடி கேட்டார். தோழி சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, தோள் முதல் மணிக்கட்டுவரை தொட்டு "டெர்", உள்ளங்கையைத் தொட்டு "டி" என்று மூன்று முறை சொல்லிக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு அது மொழி ஆசை அல்ல, வீட்டுக் கடன். அவருக்கு அந்த மாத முடிவில் பரீட்சை. இப்படிப்பட்டவர்களுக்குத் தோள் கொடுப்பதில் நிறைவு காண்பவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை இல்லை. இலக்கியம் பேச ஆள் தேடுகிறவர்கள் இங்கே தனியாகிவிடுவார்கள்.

யாருக்கு நல்லது: மூன்று நாலு வருடம் தன் காசில் படிக்கக்கூடியவர்கள், பெரியவர்களோடு வேலை செய்யப் பிடித்தவர்கள், ஏற்ற இறக்க வருமானத்தைத் தாங்கக்கூடியவர்கள்.

## யாரும் கேட்காத ஐந்தாவது வழி

தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழ் கற்பிப்பது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்கு இணையவழியில் எடுக்கலாம். அவர்கள் மாலை நேரம் நமக்கு விடிகாலை, அலாரம் ஐந்து மணிக்கு. சென்னையில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவருக்கும் எடுக்கலாம். முதல் நாளே ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டும்: "வந்துகொண்டிருக்கிறேன்" என்று தொடங்குவதா, "வந்துட்டிருக்கேன்" என்று தொடங்குவதா? பெரியவர்களுக்குப் பேச்சுத் தமிழில் தொடங்குவதே சரி என்பது என் அனுபவம். ஆட்டோக்காரரிடம் ஒரு வாக்கியம் பேசிப் பதில் வந்தால்தான் அவர்கள் அடுத்த வாரம் வருவார்கள். முழுநேர வருமானம் கஷ்டம், பக்க வருமானமாக நல்லது. மைசூரில் 1969இல் நிறுவிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பிற மாநில ஆசிரியர்களுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகச் சொல்லித் தருகிறது. இந்தத் துறையில் ஆழமாகப் போக நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பட்டத்துக்குப் பின் தயாராக | வருமானம் | எதிரே யார் | தினமும் எடுப்பது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| தமிழ் (அரசு) | 2 முதல் 4 வருடம், மேலே காத்திருப்பு | உறுதி, நல்லது | பள்ளிப் பிள்ளைகள் | இலக்கியம், இலக்கணம் | வருடங்கள், திருத்தும் நோட்டுகள் |
| ஆங்கிலம் (தனியார்) | 2 வருடம் | உடனே, குறைவு | பிள்ளைகள் | பொதுத்தேர்வு | ஆசை வற்றுவது |
| இந்தி (வீட்டில்) | சபைத் தேர்வு முடித்தால் உடனே | சிறிது, பருவத்துக்கு ஏற்ப | எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக | தேர்வுத் தயாரிப்பு | தேர்வுக்குப் பின் காலி வகுப்பு |
| அயல்மொழி | 3, 4 வருடம் | மணிக்கணக்கு | பெரியவர்கள் | தொடக்கப் பாடம் | கட்டணம், உங்கள் நிலையைத் தக்கவைப்பது |
| அயலாருக்குத் தமிழ் | சில மாதம் | பக்க வருமானம் | பிள்ளைகளும் பெரியவர்களும் | பேச்சு | விடிகாலைத் தூக்கம் |

பிளஸ் டூ முடிக்கப்போகிறவர்கள் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.ஏ. பி.எட். படிப்பையும் விசாரியுங்கள். மைசூர் மண்டலக் கல்வி நிறுவனம் மாதிரி இடங்களில் உண்டு. ஒரு வருடம் மிச்சம். எந்த பி.எட். கல்லூரியானாலும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

தஞ்சாவூர்ப் பெண்ணிடம் நான் எதிர்க்கேள்வி ஒன்றுதான் கேட்டேன்: "விடுதியில் யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுத்தாயா?" அறைத் தோழிக்கு யாப்பு புரியவில்லை, நேர் நிரை என்று கைதட்டிக் காட்டியே ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன் என்றது. குரல் அங்கே மாறியது. ஜெர்மன் பற்றிப் பேசியபோது அந்தக் குரல் இல்லை.

எம்.ஏ., பி.எட்., முதுகலை ஆசிரியர் தேர்வு என்று வைத்துக்கொள், காத்திருக்கும் வருடங்களில் அயலாருக்குத் தமிழ் எடு, ஜெர்மனை ஆசைக்காகப் படி, அவசரமில்லை என்றேன். அதற்கு முன்னால் ஒரு வேலையும் கொடுத்தேன். பக்கத்துத் தெருவில் மூன்று பிள்ளைகளைப் பிடித்து, ஒரே பாடத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு எடுக்கும்போது அலுப்பு வருகிறதா, புதிதாக ஒரு உதாரணம் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.